பீஃப் ரோஸ்ட் பிசகுவது எங்கே: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் பீஃப் ரோஸ்ட் என்றால் ஓவனில் வைத்த முழுத்துண்டு அல்ல. குக்கரில் வேகவைத்து, தேங்காய்க் கொத்தும் சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) போட்டு, இரும்புச் சீனச்சட்டியில் கறுக்க வறட்டி எடுப்பது. 1956 நவம்பர் 1-ல் மார்த்தாண்டமும் களியக்காவிளையும் அடங்கிய விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தது, பாறசாலை கேரளத்தில் நின்றது. சட்டி மட்டும் திருவிதாங்கூரிலேயே இருந்துவிட்டது. முழுத்துண்டு ரோஸ்டுக்கும் கீழே ஓர் இடம் உண்டு. முதலில் நம் சட்டி.

ரோஸ்ட் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஒரே சொல்தான் வரும்: "எறச்சி கட்டியா இருக்கு." அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று வேகாத கடினம், மற்றொன்று வெந்து தீர்ந்த வறட்சி. ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம். எனவே அடுப்பில் கைவைக்கும் முன் ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலால் நார்ப்போக்கில் பிய்த்துப் பாருங்கள். பிரிய மறுத்து ரப்பர் போல இழுபட்டால் இன்னும் வேகவில்லை. நார் நாராக எளிதில் பிரிந்தும் வாயில் போட்டால் பஞ்சு போல உமிழ்நீரை உறிஞ்சினால், அது வெந்துவிட்டது, சாறுதான் போய்விட்டது.

மெல்ல முடியவில்லை, இழுபடுகிறது

நம் பக்கம் கடைக்கு வருவது பெரும்பாலும் உழுது ஓய்ந்த காளை, கறவை நின்ற மாடு, எருமை. வயது ஏற ஏறத் தசையைக் கட்டிவைக்கும் சவ்வும் முறுகிக்கொண்டே போகும். இறைச்சி 65 டிகிரியைத் தாண்டும்போது தசைநார் சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. சவ்வு உருகிப் பிசினாக மாறுவது 80, 90 டிகிரியில்தான் வேகம் பிடிக்கும், அதற்கும் நேரம் வேண்டும். நடுவில் நிறுத்தினால் நீரும் போயிருக்கும், சவ்வும் உருகியிருக்காது. சமையலிலேயே மோசமான நிலை இதுதான். அரைகுறையாக வெந்த கறி "இன்னும் வேகவைத்தால் கெட்டியாகிவிடும்" என்று பயந்து இறக்கப்படுவதும் இங்கேதான்.

வழி: திரும்பவும் குக்கருக்குள். மசாலா சேர்த்துவிட்டாலும் பரவாயில்லை; அடியில் பிடித்திருப்பதை மட்டும் சுரண்டாமல் விட்டு, 100 மில்லி வெந்நீர் ஊற்றி, சிறுதீயில் 10 நிமிடம் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் 10.

அடுத்த முறைக்கு: விசில் எண்ணுவதை விடுங்கள். விசில் தீயின் அளவைச் சொல்லும், வேக்காட்டைச் சொல்லாது. ஒரு விசில் பெருந்தீயில் வந்ததும் தீயைத் தணித்து நிமிடம் எண்ண வேண்டும். 3 சென்டிமீட்டர் துண்டுக்கு, இளங்கறி என்றால் 15 நிமிடம், வயதான மாடோ எருமையோ என்றால் 25 முதல் 30. குக்கரின் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும். மூடாத சட்டியில் 2 மணி நேரம் பிடிக்கும் வேலை அதனால்தான் அரை மணியில் முடிகிறது.

நேரம் சரியாக இருந்தும் இழுபட்டால் கத்தியைச் சந்தேகியுங்கள். துண்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினால் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும், ஈர விறகின் கீற்று மாதிரி. கத்தி அதற்குக் குறுக்கே போக வேண்டும். நாரோடு நீளவாக்கில் வெட்டிய துண்டில் ஒவ்வொரு நாரையும் பல்தான் அறுக்க வேண்டியிருக்கும். கடையில் கத்திவேகத்தில் இதை யாரும் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் பார்க்கவும் முடியாது. "அண்ணா, நெஞ்சும் சப்பையும் பாதிப் பாதி. துண்டு போடாண்டாம், அப்படியே தாங்க" என்று சொல்லி வாங்கிவந்து வீட்டில் வெட்டிக்கொள்வது நல்லது.

இன்னொரு காரணம் நேரம். விடியற்காலை அறுத்ததை 7 மணிக்கு வாங்கி 8 மணிக்குக் குக்கரில் ஏற்றுவதைப் புதுக்கறி என்று பெருமையாகச் சொல்வார்கள். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்கத் தொடங்கும். மாட்டிறைச்சியில் அந்த விறைப்பு தளர ஒரு நாளாவது வேண்டும். சனிக்கிழமை வாங்கி, மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 முதல் 36 மணி நேரம் வைத்து ஞாயிறு சமைத்தால் அதே இறைச்சி வேறாக இருக்கும். ஆனால் கைக்கு இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதை நேரே ஃப்ரீசரில் திணிக்கக் கூடாது. விறைப்பு வருமுன் கடுங்குளிர் பட்டால் தசை சுருண்டு, பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் பிடிவாதம் செய்யும்.

பப்பாளிக்காய்? குக்கர் இருக்கும்போது தேவையில்லை. குக்கர் இல்லாமல் சட்டியில் வேகவைப்பவர்கள் 1 கிலோவுக்குத் தோலோடு அரைத்த விழுது 1 மேசைக்கரண்டி, 30 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். பப்பாளிப் பால் உள்ளே இறங்காது. ராத்திரி முழுக்க ஊறவிட்டால் மேல்பக்கம் களியாகும், நடுப்பக்கம் அப்படியே கல்லாக இருக்கும். சமையல் சோடா இந்தச் சட்டிக்கு ஆகாது, கொஞ்சம் கூடினாலும் சோப்புச் சுவை வரும்.

நன்றாகப் பிரிகிறது, ஆனால் தொண்டையில் அடைக்கிறது

இது வறட்சி. பெரும்பாலும் கடையிலேயே தொடங்கிவிடும். "கொழுப்பே வேண்டாம், தனிச்சதையா போடுங்க" என்று தொடையின் நடுச்சதையைக் கேட்டு வாங்கினால், அதில் உருகிச் சாறாக மாறச் சவ்வும் இல்லை, வழுக்கிக்கொடுக்கக் கொழுப்பும் இல்லை. 20 நிமிடத்தில் தும்புக்கயிறு. ரோஸ்டுக்கு ஏற்றது நெஞ்சு, முன்னங்காலின் மேல் சப்பை, கழுத்து. பார்க்க அழகாக இருக்காது, வெள்ளை நரம்பு குறுக்கே ஓடும். அந்த நரம்புதான் வெந்தபின் வாயில் ஈரமாகத் தெரிவது.

சோதனை எளிது. குக்கரைத் திறந்ததும் ஒரு கரண்டி சாற்றைத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, கட்டைவிரலாலும் ஆட்காட்டிவிரலாலும் தொட்டு எடுங்கள். விரல் இரண்டும் லேசாக ஒட்டிப் பிரிந்தால் சவ்வு உருகியிருக்கிறது. வெறும் தண்ணீராக வழிந்தால் ஒன்று வேக்காடு போதாது, அல்லது வாங்கிய பாகமே தனிச்சதை.

இந்தச் சாற்றைக் கீழே கொட்டுவது பெருந்தவறு. சாறு கொண்ட ரோஸ்டின் சூட்சுமமே அது திரும்பக் கறிக்குள் போவதில் இருக்கிறது. வெந்த கறியைத் தனியாகவும் சாற்றைத் தனியாகவும் எடுத்துவையுங்கள். சீனச்சட்டியில் வறட்டும்போது சாற்றை மூன்று பங்காக்கி, ஒரு பங்கு ஊற்றி, அது வற்றிக் கறிமேல் பளபளப்பாக ஒட்டியதும் அடுத்த பங்கு. ஒரே தடவையில் ஊற்றினால் அது குழம்பு. ஊற்றாமலே வறுத்தால் அது உப்புக்கண்டம்.

ஆவியை உடனே விடுவதும் வறட்டும். விசிலைத் தூக்கி அழுத்தத்தைத் திடீரென இறக்கினால் கறிக்குள் இருக்கும் நீர் அங்கேயே கொதித்து ஆவியாக வெளியேறும். அடுப்பை அணைத்து, குக்கர் தானாக இறங்கும்வரை 15 நிமிடம் பொறுக்க வேண்டும். திறந்தபின் இன்னும் 10 நிமிடம் கறி அந்தச் சாற்றிலேயே கிடக்கட்டும்.

ஏற்கெனவே வறண்டுபோன கறிக்கு முழு மீட்சி கிடையாது. கையால் நாராக உதிர்த்து, மீந்த சாறு ஒரு கரண்டி, தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி, நிறைய சின்ன உள்ளி சேர்த்துப் புரட்டி எடுத்துவிடுங்கள். மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) பிசைந்து சாப்பிட அது போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கறுக்கவில்லை, சாம்பல் நிறத்தில் நிற்கிறது

தண்ணீர் இருக்கும்வரை சட்டி 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வருவதற்கு மேற்பரப்பு 140 டிகிரி அளவுக்காவது போக வேண்டும். எனவே கறுக்காத ரோஸ்ட் எல்லாம் ஈரம் தீராத ரோஸ்ட்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் பாருங்கள். 1 கிலோ கறி வேகும்போது தானே 200, 300 மில்லி நீர் விடும். அதற்குமேல் 100 மில்லி போதும், அதுவும் குக்கர் அடி பிடிக்காமல் இருக்க. அரை லிட்டர் ஊற்றிவிட்டு அதை வற்றவைக்க 40 நிமிடம் கிளறினால், வற்றும்போது கறியும் உடைந்து தூளாகும். கழுவிய கறியையும் ஓட்டைப் பாத்திரத்தில் 20 நிமிடம் வடியவிட்டு, கையால் அழுத்திய பின்பே மசாலா பிசைய வேண்டும்.

அடுத்தது சட்டியின் அகலம். 1 கிலோவுக்கு 30 சென்டிமீட்டர் வாய் உள்ள இரும்புச் சட்டி. கறி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் அடித்துண்டு விடும் ஆவியில் மேல்துண்டு அவியும். சட்டி சிறிதென்றால் இரண்டு ஈடாக வறட்டுங்கள். நான்ஸ்டிக்கில் இந்த நிறம் வராது, கேட்டுப் பயனில்லை.

கிளறுவதும் அளவோடு. கறியைப் பரப்பி 2 நிமிடம் தொடாமல் விட்டு, அடி சிவந்தபின் திருப்ப வேண்டும். நிற்காமல் கிண்டினால் எந்தப் பக்கமும் சட்டியில் படிந்து இருக்காது.

தக்காளி போட்டால் நிறம் வராது என்பார்கள். வரும், ஆனால் அதன் நீர் வற்றக் கூடுதலாகக் கால்மணி நேரம் போகும். இந்த ரோஸ்டுக்குத் தக்காளி இல்லாமலே நல்லது. புளிப்பு வேண்டுமானால் குக்கரில் வேகும்போதே 1 மேசைக்கரண்டி வினாகிரி.

கறுத்தது, ஆனால் கசக்கிறது

கறுப்பில் இரண்டு கறுப்பு உண்டு. நல்லமிளகும் வறுத்த மல்லியும் சாறும் சேர்ந்து வந்த கறுப்பு பளபளக்கும். கருகிய கறுப்பு மங்கி, சட்டியில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். கருகுவது பெரும்பாலும் கறியில்லை, பொடிதான். வத்தல் பொடியும் (மிளகாய்த்தூள்) மல்லிப்பொடியும் சூடான எண்ணெயில் நேரே விழுந்தால் அரை நிமிடத்தில் கருகும். உள்ளி வதங்கியதும் தீயைக் குறைத்து, பொடியை 2 மேசைக்கரண்டி சாற்றில் குழைத்து ஊற்றினால் இந்தத் தொல்லையே இல்லை. பூண்டையும் உள்ளியோடு ஒன்றாகப் போடாதீர்கள், உள்ளி நிறம் மாறத் தொடங்கியபின் போதும்.

கசப்பு வந்துவிட்டால் அடியைச் சுரண்டாமல் கறியை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றுங்கள். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்ப்பது வீண்.

இங்கேயே அளவையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் பாதிக் கசப்பு அளவு தப்புவதால் வருகிறது. 1 கிலோ கறிக்கு: மல்லிப்பொடி 2 மேசைக்கரண்டி, வத்தல் பொடி 2 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, இடித்த நல்லமிளகு 1 மேசைக்கரண்டி, பெருஞ்சீரகம் 1 தேக்கரண்டி, கிராம்பு 4, ஏலக்காய் 3, பட்டை விரல்நீளத்தில் ஒன்று, இஞ்சி 25 கிராம், பூண்டு 12 பல், சின்ன உள்ளி 250 கிராம், தேங்காய்க் கொத்து ஒரு கைப்பிடி நிறைய, தேங்காயெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை 4 இணுக்கு. மிளகில் பாதி குக்கரில், பாதி இறக்குவதற்கு 2 நிமிடம் முன்பு. கடைசியில் போடும் மிளகுதான் மணக்கும். முதலில் போட்டது உறைப்பை மட்டும் கொடுக்கும். சின்ன உள்ளி உரிக்கச் சோம்பல்பட்டு முழுக்கப் பல்லாரி (பெரிய வெங்காயம்) போட்டால் இனிப்பும் நீரும் கூடும். பாதிக்குப் பாதி வேண்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம்.

மேலே உறைப்பு, உள்ளே சப்பு

மசாலா உள்ளே போகாது, உப்பு மட்டும்தான் போகும். அதற்கும் நேரம் வேண்டும். 1 கிலோவுக்கு 12 கிராம் தூளுப்பு, மட்டமாக 2 தேக்கரண்டி. கல்லுப்பைக் கரண்டியில் அளக்காமல் நிறுத்துப் போடுங்கள். மஞ்சளும் உப்பும் பிசைந்து குறைந்தது 1 மணி நேரம், முடிந்தால் ஃபிரிட்ஜில் ஓர் இரவு. வேகும்போது கறி நீரைப் பிடித்துவைக்கவும் இந்த உப்பு உதவும். சாறு வற்றும்போது உப்பு கூடித் தெரியும், எனவே வறட்டும்போது மறுபடி உப்புப் போடும் கையை அடக்குங்கள்.

தேங்காய்க் கொத்து ஊறிப்போய் ருசியில்லை

குக்கரில் போட்டிருப்பீர்கள். கொத்தைத் தனியே எண்ணெயில் ஓரம் பொன்னிறமாகும்வரை வறுத்து எடுத்துவைத்து, கடைசிப் பங்கு சாறு வற்றும்போது சேருங்கள். முற்றிய தேங்காயாக இருக்க வேண்டும். இளசு வறுபடாது.

கவிச்சி அடிக்கிறது, ஆறினால் மெழுகாக ஒட்டுகிறது

வாடை பெரும்பாலும் பழைய கொழுப்பில் இருக்கிறது. எருமைக் கொழுப்பு வெள்ளையாக இருக்கும், மாட்டுக் கொழுப்பு மஞ்சளோடும். இரண்டிலும் விரல்தடிமனுக்கு மேல் இருக்கும் கட்டியைச் செதுக்கிவிடலாம், இடையிடையே ஓடும் மெல்லிய கொழுப்பை விட்டுவையுங்கள். இந்தக் கொழுப்பு 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேதான் உருகும், எனவே ஆறிய தட்டில் அண்ணத்தில் மெழுகாகப் படிவது இயல்பு. தட்டைச் சூடாக வைத்துப் பரிமாறுங்கள். சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பில் பாதியை வழித்துவிட்டு அந்த இடத்தைத் தேங்காயெண்ணெய்க்குக் கொடுங்கள். தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்துக் கழுவுவதால் வாடை போவதைவிட ருசிதான் போகும்.

ஓவனில் வைத்த முழுத்துண்டு: வெளியே வறண்டு, நடுவில் பச்சை

கிறிஸ்துமஸுக்கு முழுத்துண்டை ஓடிஜி என்னும் சிறு மின் ஓவனில் வைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். வெளிநாட்டுச் செய்முறை பேசுவது இளம் மாட்டை, அதுவும் வாரக்கணக்கில் குளிரில் பதப்படுத்தியதை. அந்த நேரக் கணக்கை நம் சப்பைக்கறியில் போட்டால் செருப்புத்தோல்தான் கிடைக்கும். இளஞ்சிவப்பாக வெட்டிச் சாப்பிட நம் கடையில் பொருந்துவது முதுகெலும்பின் உள்பக்கத்து அண்டர்கட் ஒன்றே. மாடு வயதானாலும் அந்தத் தசை வேலை செய்வதில்லை.

1 கிலோ அண்டர்கட்டை 12 கிராம் உப்புப் பூசி, ஃபிரிட்ஜில் மூடாமல் ஓர் இரவு வையுங்கள். ஒல்லியான வாலை உள்ளே மடித்து, 3 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டாக நூல் கட்டினால் எல்லா இடமும் ஒரே தடிமனாகும். நடுவில் பச்சையும் வெளியே வறட்சியும் வருவது 200 டிகிரியில் தொடங்குவதால். 120 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, கம்பித்தட்டின் மேல் வையுங்கள். ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆனால் நேரத்தை நம்பாதீர்கள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குத்தும் வெப்பமானியை நம்புங்கள். நடுவில் 60 காட்டினால் எடுத்து, புகையும் அளவுக்குச் சூடான இரும்புத் தோசைக்கல்லில் பக்கத்துக்கு 1 நிமிடம் சிவக்கவிடுங்கள். இதற்குச் செக்குத் தேங்காயெண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும், கடலையெண்ணெய் நல்லது. பிறகு 15 நிமிடம் தொடக் கூடாது. நடுப்பகுதி 63 டிகிரி தொட்டு 3 நிமிடம் நிற்க வேண்டும் என்பது பாதுகாப்புக் கணக்கு. வெட்டும்போது கசியும் சிவப்பு ரத்தமல்ல, தசையின் நிறமி கலந்த நீர். குட்டை கட்டி ஓடினால் பொறுக்காமல் வெட்டிவிட்டீர்கள்.

வீட்டில் கர்ப்பிணியோ முதியவரோ சிறுபிள்ளையோ இருந்தால் இளஞ்சிவப்பை விட்டு, சப்பையை மூடிவைத்து வேகவைப்பதே சரி. ஒன்றரைக் கிலோ முழுச்சப்பை, கனத்த மூடிப் பாத்திரம், 200 மில்லி சாறோ தண்ணீரோ, ஓடிஜியில் 150 டிகிரி, 3 மணி நேரம். ஓடிஜி இல்லையென்றால் கேஸ் அடுப்பில் தோசைக்கல்லை அடியில் வைத்துச் சிறுதீ. 75 டிகிரியில் வெப்பமானி நின்றுவிட்டால் பதறாதீர்கள், அங்கேதான் மேலே சொன்ன மோசமான நடுநிலை. 92 தாண்டி, முள்கரண்டி குத்தியதும் திருகினால் திரும்பும்போதுதான் வெந்தது.

மறுநாள் கல்லாகிவிட்டது

உண்மையில் ரோஸ்ட் மறுநாள் நன்றாக இருக்கும், சூடாக்குவதில்தான் கெடுகிறது. மைக்ரோவேவில் மூடாமல் 3 நிமிடம் சுழலவிட்டால் இருக்கும் ஈரமும் போகும். பரிமாறும் முன்பே 3 மேசைக்கரண்டி சாற்றைத் தனியே எடுத்துவைத்திருங்கள். ஃபிரிட்ஜில் அது ஜெல்லியாக உறைந்திருக்கும். சட்டியில் அதை முதலில் உருக்கி, கறியைப் போட்டு மூடி, சிறுதீயில் 6, 7 நிமிடம். பிறகு மூடியைத் திறந்து பெருந்தீயில் 1 நிமிடம், புதுக் கறிவேப்பிலை ஓர் இணுக்கு. உள்ளே 74 டிகிரி ஏறும் அளவுக்குச் சூடாக வேண்டும். சமைத்ததை 2 மணி நேரத்துக்குள், சித்திரை வெயிலில் 1 மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், முழுச்சட்டியையும் ஏற்றி இறக்க வேண்டாம்.